தாத்தாவின் குசினி ஸ்டூ

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சாப்பிட்டு எழுந்த தட்டைக் கழுவ எடுத்தேன். அதன் ஓரத்தில் ஆறு கறித்துண்டுகள் வரிசையாக இருந்தன. மென்று, சாற்றை மட்டும் உறிஞ்சிக்கொண்டு, விழுங்க முடியாமல் எடுத்து வைத்தவை. நார் நாராக வெளுத்துப் போயிருந்தன. அம்மாவுக்கு 71 வயது. கீழ்த்தாடையில் கடைவாய்ப் பற்கள் நான்கை ஆவணி மாதம் பிடுங்கியிருந்தார்கள். கட்டுப்பல் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு இனிமேல் குழம்பு மட்டும் ஊற்று, கண்ணு. கறியை நீங்கள் சாப்பிடுங்கள்" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. நினைவு தெரிந்த நாள் முதல் எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் பூசை, அடுத்தது மாட்டுக்கறி. அம்மாவின் வாழ்க்கையில் பண்டிகை என்று சொல்லிக்கொள்ள அதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. அது இப்படித் தட்டின் ஓரத்தில் முடிந்துபோவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அன்று இரவு படுத்திருக்கும்போதுதான் தாத்தாவின் ஸ்டூ நினைவுக்கு வந்தது. முப்பது ஆண்டுகளாக அதை நான் நினைக்கவே இல்லை.

அம்மாவைப் பெற்ற தாத்தா, சாமியார் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் போகும் வழியில் கந்திகுப்பம், எலத்தகிரி என்று பழைய கத்தோலிக்க ஊர்கள் உண்டு. அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுதான் எங்களுடையது. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதைப் பொறுப்பேற்றவர்கள் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள். அப்படி வந்த பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவருக்குத் தாத்தா இளவயதில் சமைத்துப் போட்டார். பங்களாவின் சமையலறையைக் 'குசினி' என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். தாத்தா பிறந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965இல் தர்மபுரி மாவட்டமானது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமானது. மறைமாவட்டமும் 1997இல் தர்மபுரிக்கு மாறிவிட்டது. தாத்தா வீட்டு அடுப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் பிறப்பதற்கு முன்பே அந்தச் சாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்காகக் கற்றுக்கொண்ட சமையலில் தாத்தா கடைசிவரை கைவிடாதது ஒன்றே ஒன்று, ஸ்டூ. சாமியார் பிரெஞ்சுக்காரர் என்றாலும் குசினியில் புழங்கிய பெயர் ஆங்கிலத்துப் பெயர்தான். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்ட மறுநாள், பிள்ளை பெற்றவள் பத்தியம் முடித்த வாரம், மழை பிடித்துக்கொண்டு மூன்று நாளாக வெளியே போக முடியாத சமயம், இப்படிப்பட்ட நாட்களில் தாத்தா விறகடுப்பில் அதை ஏற்றுவார். காலையில் ஏற்றினால் மதியம் கடந்துதான் இறங்கும். மிளகும் பட்டையும் கறியின் வாசனையும் சேர்ந்து தெருமுனைவரை போகும். ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாத ஊர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள்.

மறுநாள் சித்திக்குப் போன் செய்தேன். அம்மாவைக் கேட்டிருக்கலாம், ஆனால் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். தவிர, தாத்தாவின் பக்கத்தில் நின்று அடுப்பு ஊதியது சித்திதான். கிலோ, கிராம் என்று ஒன்றும் சித்திக்குச் சொல்ல வரவில்லை. கையும் கண்ணும்தான் அவருக்கு அளவு. வெங்காயம் எவ்வளவு என்றால் "கறியைப் பார்த்தால் தெரியாதா?" என்பார். எவ்வளவு நேரம் என்றால் "வேகும்வரை" என்பார். ஆனால் எதைச் செய்யக் கூடாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"மஞ்சள் போடாதே. மல்லித்தூள் போடாதே. மிளகாய்த்தூள் டப்பாவைத் திறக்கவே திறக்காதே. வெங்காயத்தைக் கருக்கிவிடாதே. கொதிக்க விடாதே, கண்ணு. ஸ்டூ கொதித்தால் கெட்டது."

மிளகாய்த்தூள் இல்லாமல் மாட்டுக்கறியா என்று கேட்கத்தான் வாய் வந்தது. நாங்கள் தர்மபுரிக்குக் குடிவந்த பிறகு என் வீட்டில் அப்படிச் சமைத்து நான் பார்த்ததே இல்லை. ஏன் பார்த்ததில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்குத் தர்மபுரியில் வேலை கிடைத்து வாடகை வீடு தேடியபோது எனக்கு எட்டு வயது. வீடு கிடைக்க அம்மா சொன்ன பதில்களில் ஒன்று, "நாங்கள் ஆடு, கோழி மட்டும்தான்" என்பது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பதிலுக்கு ஏற்றபடி நாங்கள் நடக்க வேண்டியிருந்தது. அப்பா விடியற்காலையில் போய்க் கறி வாங்கி, கறுப்புப் பையில் போட்டு, அதன்மேல் ஒரு கட்டுக் கீரையை வைத்து எடுத்து வருவார். வீட்டில் அதற்குப் பெயர் 'கிழங்கு'. அம்மா சமையலறை ஜன்னலை அடைப்பார். கதவிடுக்கில் ஈரத்துணி வைப்பார். பின்பு வற்றல் மிளகாய், மல்லி, சோம்பு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கொப்பரைத் தேங்காய் எல்லாவற்றையும் கருகும் பதத்துக்குக் கொஞ்சம் முன்புவரை வறுத்து அரைப்பார். ஆட்டுக்கறிக்குப் போடுவதைப் போல இரண்டு மடங்கு. அது ருசிக்கு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசனையை அமுக்குவதற்கு என்று பெரியவளான பிறகுதான் புரிந்தது. குக்கரில் வைத்து விசில் எண்ணிச் சீக்கிரம் இறக்கி, சாம்பிராணி போட்டு, எலும்பைக் காகிதத்தில் மடித்து, இருட்டிய பிறகு அப்பா சைக்கிளில் கொண்டுபோய்த் தூரத்தில் போட்டுவிட்டு வருவார்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வீட்டுக்கார அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறி வந்தார். வாசலில் நின்றபடி, "என்ன சமையல்?" என்று கேட்டார். "ஆட்டுக்கறி" என்றார் அம்மா. அவர் பதில் பேசாமல் சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். காரணமாக அவர்கள் சொன்னது, மகனுக்கு வீடு வேண்டும் என்பது. சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அம்மா பொய் சொன்னதற்காக அழுதார். வீடு போனதற்காக அழவில்லை.

அந்த வீட்டில் ஸ்டூ செய்திருக்கவே முடியாது. மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் வாசனை விட்டுக்கொண்டே இருக்கும் பண்டம் அது. மூடி மறைக்க அதில் மசாலாவும் இல்லை. அதனால்தான் அம்மா அதைச் செய்வதையே விட்டார், நானும் மறந்தேன். என் வீட்டுக் குழம்பை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காரமும் எனக்கு உயிர்தான். ஆனால் கறி தனியாக எப்படி இருக்கும் என்று எனக்குச் சொன்னது தாத்தாவின் கிண்ணம் மட்டும்தான்.

அம்மாவின் தட்டில் கிடந்த அந்த ஆறு துண்டுகள் ஏன் அப்படி இருந்தன என்பதையும் விசாரித்தேன். எங்கள் பக்கம் கடையில் கிடைப்பது இளங்கன்றின் கறி இல்லை. மாநிலத்தின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் 1958இல் வந்தது. 10 வயதைத் தாண்டியது, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் இனி உதவாது, அல்லது நிரந்தரமாக முடங்கிவிட்டது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம் என்கிறது அது. பசுவையும் கிடாரியையும் அறுப்பதற்கு 1976இல் அரசு தடை விதித்தது. ஆக, நம் சட்டிக்கு வருவது பல ஆண்டுகள் ஏர் இழுத்து, வண்டி இழுத்து ஓய்ந்த உடம்பு. ஒகேனக்கல் பக்கத்து ஆலம்பாடி மாடுகள் உழவுக்குப் பேர்போனவை. அப்பா வழித் தாத்தா வீட்டிலும் ஒரு ஜோடி இருந்தது. அவற்றை விற்ற நாளில் அவர் இரவு சாப்பிடவில்லை என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாட்டோடு வாழ்ந்தவர்களும் மாட்டுக்கறி சாப்பிட்டவர்களும் எங்கள் குடும்பத்தில் ஒரே ஆட்கள்தான்.

உழைத்த உடம்பின் கறியில் சவ்வு அதிகம். தசை நார்களைச் சேர்த்துக் கட்டிப் பிடித்திருக்கும் அந்தச் சவ்வில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. மாட்டுக்கு வயதாக ஆக அதன் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடுகின்றன. கறியைச் சூடாக்கும்போது, நார் 60 டிகிரிவாக்கிலேயே சுருங்கித் தன்னிடமுள்ள தண்ணீரைக் கக்கிவிடும். சவ்வோ அவ்வளவு சீக்கிரம் இளகாது. இன்னும் கூடுதல் சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் கரைந்து ஜெலட்டினாக மாறும். இந்த இரண்டுக்கும் நடுவே அடுப்பை அணைத்துவிட்டால், நார் வறண்டும் சவ்வு இறுகியும் கிடக்கும் கறிதான் கிடைக்கும். அம்மா தட்டில் எடுத்து வைத்தது அதைத்தான். எட்டு விசில் விட்டும் வேகவில்லையே என்று நாம் அலுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த நடுவழியில் இறக்கிவிடுவதால்தான். சவ்வு கரைந்துவிட்டாலோ, அதே கரைசல் வறண்ட நார்களுக்கு நடுவே புகுந்து வழுவழுப்பைக் கொடுக்கும். முதல் வாயில் உதடு இரண்டும் லேசாக ஒட்டிக்கொள்ளும். ஸ்டூ வெந்ததற்கு அதுதான் அடையாளம்.

அதனால் ஸ்டூவுக்குக் கறி வாங்கும்போது, சவ்வில்லாமல் கொடுங்கள் என்று கேட்கக் கூடாது. நான் போன கடையில் புளியமரக் கட்டையின்மேல் கால் ஒன்று முழுதாகக் கிடந்தது. "வறுவலுக்கா அக்கா, குழம்புக்கா?" என்று கேட்டார் கடைக்காரத் தம்பி. நான் விவரத்தைச் சொன்னதும், தொடைக்கறியை ஒதுக்கிவிட்டு முழங்காலுக்குக் கீழே உள்ள ஆடுசதையை அறுத்தார். குறுக்கே வெட்டிய துண்டில் வெள்ளிக் கம்பி போலச் சவ்வு ஓடியது. சிவப்புச் சதைக்கு நடுவே ஆற்றின் வரைபடம் போலக் கிளை பிரிந்து, விரலால் அழுத்தினால் ரப்பர் போல எழும்பியது. வறுவலுக்கு இதைக் கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள் என்றார். ஆட்டுக்கறி விற்கும் விலையில் பாதிகூட ஆகவில்லை. கூடவே நல்லி எலும்பு இரண்டையும் உடைத்து வாங்கிக்கொண்டேன். கறி முக்கால் கிலோ, எலும்பு கால் கிலோ. துண்டு தீப்பெட்டி அளவுக்குக் குறையக் கூடாது. சிறியதாக வெட்டினால் மூன்று மணி நேரத்தில் கரைந்து நாராகிவிடும்.

இனி சமையல். நாலு பேருக்கான அளவு இது. வேலை என்று பார்த்தால் அரை மணி நேரம்கூட இல்லை. மீதி எல்லாம் அடுப்பின் வேலை.

கறியைக் கழுவி, நன்றாக வடித்து, துணியால் ஒற்றி எடுத்து, ஒரு தேக்கரண்டி கல் உப்பைப் பொடித்துப் பிசறி ஒரு மணி நேரம் வைத்தேன். பழக்கத்தில் கை மஞ்சள் டப்பாவுக்குப் போனது, சித்தியின் குரல் தடுத்தது. அடி கனத்த பாத்திரத்தில் மூன்று மேசைக்கரண்டி கடலெண்ணெய் காய்ந்ததும் கறியைப் போட வேண்டும். ஒரே தடவையில் கொட்டக் கூடாது. துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு, மூன்று நடையாகப் போட்டு, ஒவ்வொரு பக்கமும் செம்பழுப்பாகும்வரை தொடாமல் விட வேண்டும். "கறி சிவக்கட்டும், வேக வேண்டாம்" என்பது தாத்தாவின் பேச்சாம். நெருக்கிப் போட்டால் கறி விடும் தண்ணீரிலேயே அது வெந்து சாம்பல் நிறமாகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறியின் மேல்புறம் சிவந்து அந்தப் பொரிந்த மணம் வர 140 டிகிரியாவது வேண்டும். இந்த மாற்றத்தை 1912இல் விளக்கி எழுதியவர் லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். சிவக்க வைத்தால் கறியின் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்று பலரும் சொல்கிறார்கள், அது சரியில்லை. சாறு எப்படியும் வெளியே வரும். மணத்துக்காகவும் நிறத்துக்காகவும்தான் சிவக்க வைக்கிறோம். இந்த ஸ்டூவில் வேறு மசாலா இல்லாததால் அந்த மணம்தான் எல்லாம்.

கறியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அதே எண்ணெயில் பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று, பிரியாணி இலை ஒன்று. பெரிய வெங்காயம் இரண்டை நீளமாக நறுக்கிப் போட்டு, கண்ணாடி போல ஆனதும் தட்டிய பூண்டு எட்டுப் பல், தட்டிய இஞ்சி ஒரு விரல்கணு, கீறிய பச்சை மிளகாய் மூன்று. பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பை வெங்காயத்தின் ஈரமே இளக்கிக் கொடுக்கும். கரண்டியால் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு பொட்டும் வீணாகக் கூடாது. தக்காளி ஒன்றே ஒன்று. ராயக்கோட்டைத் தக்காளி குவிந்து கிடக்கிற ஊரில் ஒன்றோடு நிறுத்துவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கூடினால் புளித்துவிடும் என்று சித்தி கண்டிப்பாகச் சொன்னார். பிறகு கறி, எலும்பு, தட்டில் வடிந்த சாறு, ஒன்றரை லிட்டர் கொதிக்கிற வெந்நீர். முதல் கொதியில் எழும் நுரையை வழித்தெடுத்துவிட்டு, கரகரப்பாக இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி போட்டு, அடுப்பின் சின்ன பர்னருக்கு மாற்றி, மூடியைச் சற்று ஒதுக்கி வைத்து, தீயைக் கடைசிவரை குறைத்தேன்.

குறைப்பது எவ்வளவு என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. சித்தி சொன்ன கணக்கு என்னைக் காப்பாற்றியது. "ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல்லி முடிப்பதற்குள் ஐந்தாறு குமிழி வந்தால் சரி. பத்துப் பன்னிரண்டு வந்தால் விறகை இழு." நான் அடுப்பின் முன்னால் நின்று ஜெபம் சொல்லி எண்ணினேன். எட்டு வந்தது. பர்னருக்கும் பாத்திரத்துக்கும் நடுவே பழைய தோசைக்கல்லை வைத்ததும் ஐந்தாகக் குறைந்தது. விறகடுப்பின் முன் தாத்தா அப்படித்தான் உதடு அசைய நிற்பார். அவர் ஜெபம் செய்கிறார் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். குமிழியும் எண்ணியிருக்கிறார்.

கேஸ் செலவாகுமே என்று நினைப்பவர்கள், சிவக்க வைத்துத் தண்ணீர் ஊற்றிய பிறகு குக்கரில் ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 25 நிமிடம் வைக்கலாம். உள்ளே சூடு 120 டிகிரிக்குப் பக்கத்தில் போவதால் சவ்வு வேகமாக இளகும். அப்புறம் மூடியைத் திறந்து, மீதியைத் திறந்த பாத்திரமாகவே முடிக்கலாம். சாறு கொஞ்சம் கலங்கும், துண்டின் ஓரம் பிரியும். வேலைக்குப் போய்வரும் நாளில் நானும் அப்படித்தான் செய்கிறேன். நேரம் இருக்கும்போது மூன்று மணி நேரத்தைத் தயவுசெய்து கொடுங்கள்.

இரண்டாவது மணி நேரத்தில் வாசனை கூடத்துக்கு வந்தது. அம்மா மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். பாத்திரத்தைப் பார்க்கவில்லை, என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய் ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். இது சொந்த வீடு, கட்டி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்து மனையில் இன்னும் வீடே வரவில்லை, அந்தப் பக்கம் மாந்தோப்புதான். நான் ஜன்னலைத் திறக்கவில்லை. அம்மா சாத்தியது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டேகால் மணி நேரம் ஆனதும் காய்கள். தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை பக்கம் விளைகிற உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் எங்களுக்கு மலிவாகவே கிடைக்கும். உருளைக்கிழங்கு மூன்றை நான்கு நான்காக, கேரட் மூன்றைக் கட்டை விரல் நீளத்துக்கு. பீன்ஸ் ஒரு கைப்பிடியைக் கடைசி இருபது நிமிடத்தில் போட்டேன், இல்லையென்றால் நிறம் செத்துவிடும். ஒரு மேசைக்கரண்டி வினிகர் உண்டு, ஆனால் உருளைக்கிழங்கு வெந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். புளிப்பில் காய் சீக்கிரம் இளகாது. முன்னாலேயே ஊற்றினால் கறி வெந்து கிழங்கு கடுக்கென்று நிற்கும். சித்திக்குக் காரணம் தெரியாது, வரிசை தெரிந்திருந்தது.

கெட்டிக்குச் சேர்க்கும் மாவில்தான் தாத்தாவின் கைவரிசை இருந்தது. சாமியாருக்குச் செய்யும்போது மைதா, வீட்டுக்குச் செய்யும்போது கேழ்வரகு மாவு. மைதா வாங்கக் காசில்லாததால் தொடங்கியிருக்கலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், கேழ்வரகு மாவுதான் இந்தச் சாற்றுக்குப் பொருத்தம். ஒரு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். வெந்நீரில் கரைத்தால் கட்டி பிடிக்கும். பத்து நிமிடத்துக்குக் குறைத்தால் பச்சை வாசனை போகாது. மைதா போட்ட சாறு பசை போலப் பளபளக்கும், கேழ்வரகு போட்டது மழை நனைந்த செம்மண் நிறத்துக்கு வரும். முதல் மழையில் நிலம் விடுகிற மணத்தில் ஒரு துளி மிளகின் பின்னால் நிற்கும். எங்கள் மண்ணில் விளைவதும் அதுதானே.

கேரளத்தில் இஷ்டு என்று தேங்காய்ப்பால் ஊற்றி வெள்ளையாகச் செய்து ஆப்பத்தோடு சாப்பிடுவார்கள். சாப்பிட்டிருக்கிறேன், அருமையான பண்டம். ரொட்டியோடும் இது நன்றாகப் போகும். ஆனால் அம்மாவுக்கு என்று யோசித்தபோது களியைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. நொய்யைக் குழைய வேகவிட்டு, அதன்மேல் கேழ்வரகு மாவைக் குன்றாகக் கொட்டி, துடுப்பால் நடுவே ஒரு துளை போட்டு மூடி வைத்தேன். மாவு வெந்ததும் பாத்திரத்தைக் காலால் அணைத்துக்கொண்டு கிண்ட வேண்டும். தோள் வலிக்கும். கையில் தண்ணீர் தொட்டு உருட்டினால் ஒட்டாமல் மினுங்க வேண்டும். களியை மெல்ல வேண்டியதில்லை. ஒரு விள்ளல் பிய்த்து, கட்டை விரலால் குழி செய்து, குழியில் சாற்றை அள்ளி விழுங்குவதுதான் முறை. பல்லில்லாதவர்களுக்கும் பசியோடு வயலிலிருந்து வருகிறவர்களுக்கும் அது ஒரே மாதிரி உதவும்.

மாலை ஆறரைக்கு இறக்கினேன். வெளியே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பத்து நிமிடம் ஆறவிட்டு, அம்மாவின் தட்டில் ஒரு களி உருண்டையும் கிண்ணத்தில் ஸ்டூவும் வைத்தேன். அம்மா முதலில் பழக்கத்தில் களியைப் பிய்த்துச் சாற்றை மட்டும் தொட்டுச் சாப்பிட்டார். கறியின் பக்கம் போகவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்றாவது விள்ளலின்போது விரல் தற்செயலாக ஒரு துண்டின்மேல் பட்டது. அழுத்தியதும் துண்டு நார் வரிசைப்படி இரண்டாகப் பிரிந்து விழுந்தது. காலையில் வெள்ளிக் கம்பியாக ஓடிய சவ்வு, இப்போது கண்ணாடி போலத் துலங்கி விரலோடு நழுவியது. அம்மா அந்தப் பாதித் துண்டைக் களிக்குழியில் வைத்து வாயில் போட்டார். முன்பல்லால் ஒரு முறை அசைத்தார். விழுங்கினார்.

பிறகு பேச்சே இல்லை. நான்கு துண்டுகள், அப்புறம் இன்னும் இரண்டு. நல்லி எலும்பை எடுத்துத் தட்டில் தட்டி, மஜ்ஜையை உறிஞ்சினார். தட்டின் ஓரம் காலியாக இருந்தது.

மீதியை மறுநாள் காலையில் திறந்தபோது சாறு கெட்டித் தயிராக உறைந்திருந்தது. மேலே படிந்த கொழுப்பைக் கரண்டியால் நீக்கிவிட்டுச் சூடாக்கினேன். முதல் நாளைவிட ருசி கூடியிருந்தது. மிளகு கறிக்குள் போய்விட்டது. முடிந்தவர்கள் சனிக்கிழமையே செய்து வைத்து ஞாயிறு சாப்பிடுங்கள்.

அன்று காலை கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அம்மா கேட்டார்.

"கிராம்பு எத்தனை போட்டாய்?"

"மூன்று."

"இரண்டுதான். அது சாமியார் பங்களாக் கிராம்பு. தாத்தா ஒன்றுகூட அதிகம் எடுக்க மாட்டார். டப்பாவைத் திறந்து எண்ணி அவர் கையில் கொடுத்ததே நான்தான், எனக்கு அப்போது ஆறு வயது. உன் சித்தி அப்போது பிறக்கவே இல்லை. அவளுக்கு என்ன தெரியும்?"

மேலே மூன்று என்று எழுதியிருப்பதை இரண்டு என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு இரண்டு போட்டுச் செய்தேன். அம்மா சொன்னதுதான் சரி.